வீட்டு நீச்சல் குளமும் இருவர் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கும் தம்பதியரிடையே எழும் பூசல்களில் பெரும்பாலானவை நீச்சலைப் பற்றியவை அல்ல, நீரைப் பற்றியவை. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல் போவதாலும், ஆளுக்கொரு அரைகுறைத் தகவலை நம்புவதாலும் அவை வளர்கின்றன. அவ்வாறு இருவராகக் குளத்தைப் பராமரிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நோக்கம் அன்று. ஆயினும் சில இடங்களில் வேதியியலே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது, அதற்கு நாம் பொறுப்பில்லை.

வேலைகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

உடலுழைப்பைத் தாராளமாகப் பிரித்துக்கொள்ளலாம். இலை தழைகளை வலையால் அள்ளுவது, ஸ்கிம்மர் (மேற்பரப்பு நீரை உள்ளிழுக்கும் சுவர் வாய்) கூடையையும் பம்பின் முன்கூடையையும் காலி செய்வது, வாரம் ஒருமுறை சுவர்களையும் படிகளையும் தேய்ப்பது, அடியில் படிந்த மண்ணை வேக்குவம் கொண்டு உறிஞ்சுவது ஆகியவற்றை யார் செய்தாலும் நீர் கவலைப்படாது. ஆனால் நீரைச் சோதிப்பதும் ரசாயனம் சேர்ப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. இன்று சேர்த்த ஆசிடின் முழு விளைவு நீர் சுற்றிக் கலந்த பிறகே, அதாவது சில மணி நேரம் கழித்தே தெரியும். வாரத்தின் முற்பகுதி உனக்கு, பிற்பகுதி எனக்கு என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் செய்ததன் பலன் மற்றவருடைய முறையில் வந்து விடியும். அவர் அதைப் புதிய கோளாறு என்று எண்ணி எதிர்த்திசையில் இன்னொன்றைச் சேர்ப்பார்.

ஆகவே நீரை அளப்பவரே ரசாயனத்தையும் ஊற்ற வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஒருவர், அடுத்த பருவம் மற்றவர் என்று மாற்றிக்கொள்வதே எங்கள் பரிந்துரை. மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் தாங்கும். நாளுக்கு ஒருமுறை மாற்றுவது தாங்காது.

இரண்டாவது விதி, பம்புக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுவது. தேதி, நேரம், குளோரின் அளவு, பிஹெச் (நீரின் அமில நிலையைக் காட்டும் எண்) அளவு, எதை எத்தனை கிராம் சேர்த்தோம் என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். கைப்பேசியில் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. யாருடைய கைப்பேசியில் என்பதில் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

எங்கள் குளம் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதிலேயே இருவருக்கும் உடன்பாடு இல்லை. எப்படி முடிவு செய்வது?

டேப் எடுத்து இருவரும் சேர்ந்து அளந்துவிடுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி வரும் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட குளத்தில் ஆழம் 1 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரை சீராக இறங்கினால் சராசரி ஆழம் 1.4 மீட்டர், ஆக ஏறத்தாழ 45,000 லிட்டர். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பதுதான் ஒரு பிபிஎம் என்பதால், இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 45 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதச் செறிவுள்ள கால்சியம் ஹைபோகுளோரைட் தூளாக இருந்தால் அது சுமார் 70 கிராம். இந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால், கைப்பிடியால் அளந்து போடும் வழக்கம் தானாகவே நின்றுபோகும்.

காலையில் நான் தாராளமாகக் குளோரின் போட்டேன். மாலையில் என் கணவர் சோதித்தபோது குளோரின் இல்லை என்று காட்டியது. நான் போடவே இல்லை என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவருமே சரியாகத்தான் சொல்கிறீர்கள். குளோரின் போட்டதும் உண்மை, சோதனையில் தெரியாததும் உண்மை என்று ஆகக்கூடிய வழிகள் இரண்டு உண்டு.

முதலாவது வெயில். நீரில் சயனூரிக் அமிலம் எனப்படும் ஸ்டெபிலைசர் இல்லையென்றால், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைத்துவிடும். கடும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். காலை எட்டு மணிக்குப் போட்ட குளோரினை மாலை ஐந்து மணிக்குத் தேடுவதில் பொருளில்லை. ஸ்டெபிலைசர் இல்லாத குளத்துக்குச் சூரியன் மறைந்த பிறகே குளோரின் சேர்ப்பது சிக்கனம்.

இரண்டாவது வழி அதற்கு நேர்மாறானது, கூடுதல் ஆபத்தும் உடையது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகைச் சோதனையில், குளோரின் அளவு 10 பிபிஎம் அளவைத் தாண்டும்போது அந்தக் குளோரினே சாயத்தை வெளுக்கச் செய்துவிடக்கூடும். அப்போது சோதனைக் குழாயில் உள்ள நீர் நிறமற்று, குளோரினே இல்லாததைப் போலத் தோன்றும். அதை நம்பி உங்கள் கணவர் இன்னும் ஒரு பங்கு போடுவார், மறுநாள் நீங்கள் சோதித்தாலும் நிறம் வராது, நீங்களும் போடுவீர்கள். நீச்சலுடை வெளுத்து, கண் எரிந்து, தோல் வறண்ட பிறகுதான் சந்தேகம் வரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. துளிகளை விட்டவுடன் ஒரு கணம் சிவந்து உடனே மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். அல்லது குளத்து நீர் ஒரு பங்குடன் காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு கலந்து சோதித்து, வரும் அளவை ஐந்தால் பெருக்குங்கள். கலக்காத நீரில் பூஜ்யமும் கலந்த நீரில் சிவப்பும் வந்தால், குளத்தில் குளோரின் இல்லாமல் இல்லை, அளவு மீறி இருக்கிறது என்று பொருள்.

நீரை எங்கே மொண்டு சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நீர் உள்ளே பாயும் துவாரங்களிலிருந்து விலகி, முழங்கை அளவு ஆழத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் மேற்பரப்பிலும் மற்றவர் துவாரத்தின் அருகிலும் எடுத்தால், இருவருக்கும் இரு வேறு குளங்கள்தான் கிடைக்கும்.

குளோரின் நெடி தாங்க முடியவில்லை, குறைத்துப் போடுங்கள் என்கிறார் என் மனைவி. குறைக்கலாமா?

அளந்து பார்க்காமல் குறைக்கக் கூடாது; பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். சரியான அளவில் குளோரின் உள்ள தூய நீருக்கு நெடி மிகக் குறைவு. மூக்கைத் துளைப்பதும் கண்ணைச் சிவக்க வைப்பதும், வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமீன்கள். மொத்தக் குளோரின் அளவிலிருந்து, எதோடும் பிணையாமல் இருக்கும் தனிக் குளோரின் அளவைக் கழித்தால் வருவது இந்தப் பிணைந்த குளோரின். அது 0.5 பிபிஎம் அளவைத் தாண்டினால், வழக்கமான முறைப்படி அதன் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் சேர்த்து அதை எரித்து வெளியேற்ற வேண்டும். பிணைந்த குளோரின் 0.6 பிபிஎம் என்றால் 6 பிபிஎம் சேர்க்க வேண்டும். அப்போது குளத்தின் மேல்விரிப்பைக் கட்டாயம் திறந்து வையுங்கள். குளோரின் மீண்டும் 4 பிபிஎம் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கும் வரை யாரும் இறங்க வேண்டாம்.

ஆக, உங்கள் மனைவியின் மூக்கு சொன்ன செய்தி சரி, அதற்கு அவர் கண்ட தீர்வுதான் தவறு. இதை அவரிடம் எந்தத் தொனியில் சொல்வது என்பது இப்பக்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. குளத்தில் இறங்குமுன் எல்லோரும் குளித்துவிட்டு வரவேண்டும் என்ற விதியை இருவரும் சேர்ந்து வீட்டில் நடைமுறைப்படுத்தினால் இந்த நிலை அடிக்கடி வராது.

நீர் பச்சையாகும்போதெல்லாம் ஒருவர் ஆசிட் என்கிறார், மற்றவர் குளோரின் என்கிறார். எது முதலில்?

பிஹெச் அளவைச் சரிசெய்வதே முதலில். ஏறிவிட்ட பிஹெச் அளவைக் குறைப்பதுதான் ஆசிடின் வேலை. நீரில் குளோரின் இரு வடிவங்களில் இருக்கிறது. கிருமிகளையும் பாசியையும் விரைந்து கொல்வது ஹைபோகுளோரஸ் அமிலம் என்ற வடிவம் மட்டுமே. ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் பிஹெச் 7.2 ஆக இருக்கும்போது தனிக் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவத்தில் இருக்கும், 7.5 அளவில் பாதிதான். 8 அளவில் கால் பங்கு மட்டுமே. எனவே பிஹெச் 8 உள்ள குளத்தில் நான்கு டப்பா வாங்கி ஒரு டப்பாவின் வேலையைப் பெறுகிறீர்கள். ஆசிட் என்று சொன்னவருக்கு முதல் பாதி வெற்றி, குளோரின் என்று சொன்னவருக்கு இரண்டாம் பாதி.

பொதுவாகப் பிஹெச் 7.2 முதல் 7.8 வரை, தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரை (ஸ்டெபிலைசர் இருந்தால் குறைந்தது 2), மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் வரை, கால்சியக் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை இருக்க வேண்டும். காரத்தன்மை குறைவாக இருந்தால் பிஹெச் ஒரு நிலையில் நில்லாமல் சிறு சீண்டலுக்கெல்லாம் தாவும். அதற்குச் சோடியம் பைகார்பனேட் போதும். ஆசிடைப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆழமான பகுதியில் மெதுவாக ஊற்றி, நீர் நன்கு சுற்றிக் கலந்த பிறகு, சில மணி நேரம் கழித்தே குளோரின் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே நேரத்தில் ஊற்றுவது, இங்கே பேசப்படும் சிரமங்களிலேயே மிகவும் அபாயகரமானது.

பச்சை நிறம் வந்த பிறகு சுவரைத் தேய்க்காமல் ரசாயனத்தை மட்டும் கொட்டிப் பயனில்லை. ஒட்டியிருக்கும் பாசியைக் குளோரின் எளிதில் ஊடுருவாது. பாசி செத்ததும் நீர் பால்போல் கலங்கும். பலர் அங்கே பயந்து போய் மீண்டும் எதையாவது சேர்க்கிறார்கள். அந்த நிலையில் குளோரினைத் தக்கவைத்துக்கொண்டு, பம்பை இரவு பகலாக ஓடவிட்டு, வடிகட்டியைக் கழுவிக்கொண்டே காத்திருப்பதுதான் வேலை.

மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டால் போதும், தினமும் அளக்கத் தேவையில்லை என்கிறார் என் கணவர். அது உண்மையா?

சில வாரங்களுக்கு உண்மை போலவே நடக்கும். மெதுவாகக் கரையும் அந்த மாத்திரைகள் பெரும்பாலும் டிரைகுளோர். அவற்றில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. டிரைகுளோர் தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் நீரில் சேர்கிறது. குளோரின் செலவாகிவிடும், இதுவோ ஆவியாகாது, வடிகட்டியிலும் சிக்காது. நாளொன்றுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் ஒரே மாதத்தில் 36 பிபிஎம் ஏறிவிடும். 30 முதல் 50 பிபிஎம் வரை அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் கவசம். அளவு மிஞ்சினால் குளோரினை அதன் வேலையைச் செய்யவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது சோதனையில் குளோரின் 3 பிபிஎம் என்று காட்டும், கண்ணெதிரே பாசியும் வளரும். கணவர் சோதனைக் குழாயைக் காட்டுவார், மனைவி சுவரைக் காட்டுவார்.

இதற்கு நடைமுறையில் நீரை மாற்றுவதே வழி. 100 பிபிஎம் இருந்தால் பாதி நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்பினால் 50 ஆகும். மாத்திரையை ஊருக்குப் போகும் நாட்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் திரவக் குளோரினையோ கால்சியம் ஹைபோகுளோரைட்டையோ பயன்படுத்துவது நல்லது. பின்னது கடினத்தன்மையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குறையில்லாத குளோரின் என்று ஒன்று இல்லை.

நாள்தோறும் வடிகட்டியைப் பேக்வாஷ் செய்வது, அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுவது நல்லதா?

நல்லதன்று. சற்றே அழுக்குப் பிடித்த மணல் வடிகட்டிதான் புதிதாகக் கழுவியதைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்கும். மணல் துகள்களுக்கிடையே தங்கிய அழுக்கு இடைவெளிகளைச் சுருக்கிவிடுவதே காரணம். தினமும் கழுவுபவர் நீரையும் அதில் கரைந்துள்ள ரசாயனத்தையும் வெளியே கொட்டி, கலங்கிய நீரை வீட்டுக்குச் சம்பாதித்துத் தருகிறார். சுத்தத்தில் மிகுந்த அக்கறை கொண்டவரே இதைச் செய்வார் என்பதால் இதைப் பக்குவமாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வடிகட்டியைக் கழுவிய உடனே அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை ஏறிய பிறகு கழுவினால் போதும்.

வடிகட்டியில் நீர் செல்லும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்தியே ஆகவேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் பெயர்ந்துபோகும். பிறகு நீர் கழிவுக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் இருவரும் குளத்தின் சுவரில் விரிசல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மின் கட்டணத்துக்குப் பயந்து ஒருவர் பம்பை நிறுத்துகிறார், நீருக்குப் பயந்து மற்றவர் போடுகிறார். எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்?

நாளொன்றுக்கு ஒருமுறையேனும் குளத்து நீர் முழுவதும் வடிகட்டி வழியாகச் செல்லும் அளவுக்கு ஓட்டுவது பொதுவான தொடக்க அளவு. மணிக்கு 7,500 லிட்டர் தள்ளும் பம்புக்கு 45,000 லிட்டர் குளம் ஆறு மணி நேரம். வெப்பமான நாட்களிலும் பலர் நீந்திய நாட்களிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். நேரத்தை நிர்ணயித்து டைமரிடம் விட்டுவிடுங்கள். மனிதர்கள் மாறி மாறி சுவிட்சைத் தொடுவதைவிட அது மேல்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் இருந்தால் இந்த வழக்கில் இருவருமே வெல்லலாம். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும். ஆனால் அது இழுக்கும் மின்திறன் கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதே அளவு நீரைச் சுற்ற இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மின்சாரம் கால் பங்குதான். நடைமுறையில் மிச்சம் இதைவிடச் சற்றுக் குறையும் என்றாலும், மெதுவாக நெடுநேரம் ஓடுவதே வேகமாகச் சிறிது நேரம் ஓடுவதைவிட மலிவு.

நீர்மட்டம் குறைந்துகொண்டே வருகிறது. கசிவு என்கிறேன், வெறும் ஆவியாதல் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்தின் படியில் பாதி மூழ்கும்படி வைத்து, உள்ளும் புறமும் நீர்மட்டத்தைக் கோடிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்நேரத்தில் யாரும் நீந்தக் கூடாது, நீர் நிரப்பவும் கூடாது. இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியாதல். வாளியைவிடக் குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. பம்பை ஓட்டி ஒரு நாளும், நிறுத்தி ஒரு நாளும் செய்து பார்த்தால், கசிவு குழாயிலா தொட்டியிலா என்பதற்கும் துப்புக் கிடைக்கும். எதுவாயினும் மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதிக்குக் கீழே வெகுவாக இறங்கவிடாதீர்கள்; பம்ப் காற்றை இழுத்து, வறண்டு ஓடி, அதன் சீல் கருகிவிடும்.

எல்லா நீரையும் இறைத்துவிட்டுச் சுத்தமாகத் தேய்த்து நிரப்பலாம் என்று அவர் அடம்பிடிக்கிறார். செய்யலாமா?

நிபுணர் ஒருவர் நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் செய்யக் கூடாது. குளத்துக்குள் இருக்கும் நீரின் எடைதான் அதை மண்ணில் அழுத்தி வைத்திருக்கிறது. மழைக்குப் பின் சுற்றியுள்ள மண் ஊறியிருக்கும் நேரத்தில் குளத்தைக் காலி செய்தால், நிலத்தடி நீர் காலித் தொட்டியைப் படகைப் போல மேலே தூக்கிவிடக்கூடும். காங்கிரீட் குளங்களும் இதற்கு விலக்கல்ல. பைபர் குளமாக இருந்தால் சுவர் புடைக்கும், வினைல் விரிப்புக் குளமாக இருந்தால் விரிப்பு சுருங்கிப் பழைய இடத்தில் பொருந்தாது. பகுதி பகுதியாக நீரை மாற்றுவதே ஏறக்குறைய எல்லாத் தேவைகளுக்கும் போதுமானது.

குளோரினால் தலைமுடி பச்சையாகிறது என்பது உண்மையா?

வெளிர் நிற முடியைப் பச்சையாக்குவது நீரில் கரைந்துள்ள செம்பு. அது செம்பு கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ, அமிலம் மிகுந்த நீர் அரித்த செப்புக் குழாயிலிருந்தோ வருகிறது. குளோரின் போட்டவரைக் குறைசொல்வதற்கு முன் பாசிக்கொல்லி வாங்கியவர் யார் என்று பாருங்கள்.

உப்பு நீர்க் குளமாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் ஒழியுமா?

பாதி ஒழியும். உப்பு நீர்க் குளமும் குளோரின் குளமே. நீரில் சுமார் 3,000 முதல் 3,500 பிபிஎம் வரை, அதாவது கடல் நீரின் பத்தில் ஒரு பங்கு உப்பு கரைந்திருக்கும். அதை மின்பகுப்பு செய்து கருவி அங்கேயே குளோரினைத் தயாரிக்கும். தினமும் குளோரின் ஊற்றும் வேலை போகும். ஆனால் பிஹெச் மேலேறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆசிட் வேலை நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்தகட்டில் சுண்ணாம்பு படியும், சில ஆண்டுகளில் தகட்டையே மாற்ற வேண்டும். கருவி வாங்கிய பிறகு இருவரும் அளப்பதையே விட்டுவிடுவதுதான் இதில் நாங்கள் காணும் பெரிய இடர்.

என் மனைவி இடத்தை ஒழுங்குபடுத்த, பாதி காலியான இரண்டு டப்பா குளோரினை ஒன்றாகக் கொட்டி வைக்க முயன்றார். அதில் தவறுண்டா?

அவரை உடனே தடுத்தது சரி. டிரைகுளோரும் கால்சியம் ஹைபோகுளோரைட்டும் இரண்டுமே குளோரின் என்று அழைக்கப்பட்டாலும், ஒன்றோடொன்று கலந்தால், குறிப்பாகச் சிறிது ஈரம் பட்டால், தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். ஒன்றுக்குப் பயன்படுத்திய கரண்டியை மற்றொன்றில் விடுவதுகூட ஆகாது. குளோரினும் ஆசிடும் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட் கேனைக் குளோரின் டப்பாவுக்கு மேலே உள்ள தட்டில் வைக்கக் கூடாது. எப்போதும் நீரில்தான் ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும். ரசாயனத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது.

சேமிப்பறை இருவருக்கும் பொதுவானதாக இருந்தாலும், அதை ஒழுங்குபடுத்தும் உரிமை அந்தப் பருவத்தில் அளப்பவருக்கு மட்டுமே இருக்கட்டும். திரவக் குளோரின் வெப்பத்தில் நாளடைவில் வீரியம் இழந்துவிடும் என்பதால், வாங்கிய தேதியைக் கேனின் மேல் எழுதி வையுங்கள். சலுகை விலை என்று ஆண்டுக்கான கையிருப்பை ஒரே நாளில் வாங்கி வருபவரையும் அந்தத் தேதி சற்று அடக்கி வைக்கும்.

குழந்தைகள் குளத்தில் இருக்கும்போது நாங்கள் இருவரும் அருகில்தான் இருக்கிறோம். அது போதாதா?

இருவர் இருப்பதே சில நேரங்களில் ஒருவர்கூட இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது. அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று அவளும் எண்ணிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில்தான் விபத்து நடக்கிறது. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடாது, கையசைக்காது. மூச்சுக்குப் போராடும் வாயால் குரலெழுப்ப முடியாது, கைகள் நீரை அழுத்தி மேலே எழுவதிலேயே இருக்கும். அருகில் முதுகு காட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு எந்த ஓசையும் கேட்காது. 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளே இந்த விபத்துக்கு மிக அதிகமாக ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துவருகிறது.

ஆகவே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றைச் செய்து, அதை அணிந்திருப்பவரே காவலர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, மது அருந்தியிருக்கக் கூடாது. எழுந்து போவதென்றால் அட்டையை மற்றவர் கழுத்தில் மாட்டிவிட்டே போக வேண்டும். "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவது ஒப்படைப்பு ஆகாது. மறுமொழி வந்த பிறகே அது ஒப்படைப்பு. நீந்தத் தெரியாத சிறு குழந்தைகளோடு காவலர் கைக்கு எட்டும் தொலைவில் நீரிலேயே நிற்க வேண்டும்.

குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும். வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாகக் கொள்வது குழந்தைக்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பதாகும். அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்திருந்தால், புதிய மூடி பொருத்தும் வரை குளத்தை மூடிவிடுங்கள். அதன் உறிஞ்சும் விசை முடியையும் உடலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பம்பின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூழ்கியவருக்குச் செயற்கைச் சுவாசத்துடன் கூடிய முதலுதவியை இருவரும் முறையாகக் கற்றிருக்க வேண்டும். ஒருவர் கற்றால் போதும் என்பதை இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஏற்பதில்லை.

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் வெளியூர் போனால் மற்றவர் என்ன செய்வது?

போகிறவர் போவதற்கு முன் ஒருமுறை உடன்நின்று மற்றவரையே எல்லாவற்றையும் செய்யவைக்க வேண்டும். செய்து காட்டுவது போதாது. வால்வுகள் ஒவ்வொன்றிலும் சாதாரண நிலை எதுவென்று அழியாத மையால் குறியிட்டு, அந்நிலையில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இல்லாத நாட்களில் இலை அள்ளுவது, கூடைகளைக் காலி செய்வது, நீர்மட்டம் பார்ப்பது, குளோரினையும் பிஹெச் அளவையும் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது, அதில் குறித்துள்ள அளவுக்கு மட்டும் குளோரின் சேர்ப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர் திரும்பி வருவதற்குள் நீரைப் பளிங்காக்கி வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசையில் புதிய ரசாயனம் எதையும் முயலாதீர்கள்.

எனக்கு நீச்சலே பிடிக்காது. குளம் வேண்டும் என்றவர் அவர், வேலை செய்பவள் நான். இப்போது இருவருமே இறங்குவதில்லை. என்ன செய்யலாம்?

முதலில், வேண்டும் என்றவரிடம் ஒரு பருவத்துக்கு அளக்கும் பொறுப்பை முழுமையாக ஒப்படையுங்கள். நீர் பச்சையானாலும் அவர் கேட்காமல் தலையிடாதீர்கள். குழந்தைகள் பாதுகாப்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. குளத்தின் மேல் அவருக்கு உண்மையிலேயே விருப்பம் உண்டா, அல்லது அது இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் பிடித்திருக்கிறதா என்பது அந்தப் பருவத்துக்குள் இருவருக்கும் தெரிந்துவிடும்.

இருவருக்கும் வேண்டாம் என்று தெளிந்தாலும், அப்படியே போட்டுவிட முடியாது. குளோரின் இல்லாமல் தேங்கிய நீரில் வெப்ப நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுக்கள் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். மழைநீர் தேங்கிய தளர்வான விரிப்போ குழந்தைகளுக்குக் குளத்தைவிட மோசமான பொறி. ஆள் நின்றாலும் தாங்கும் பாதுகாப்பு விரிப்பைப் போட்டு, குறைந்த அளவு குளோரினோடும் குறைந்த நேரப் பம்ப் ஓட்டத்தோடும் ஓராண்டு வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் மண் நிரப்பி மூடிவிடுவது தோல்வி ஒன்றும் அன்று. அதைச் செய்விக்கும்போது மட்டும், குளத்தின் அடித்தளத்தைப் பல இடங்களில் உடைத்துத் துளையிட்ட பிறகே மண் கொட்டும்படி ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துளையிடாமல் நிரப்பினால் மழைநீர் வடிய வழியின்றி உள்ளேயே தேங்கி, மேலே உள்ள நிலம் சேறாகி அமிழும்.